ஊக்குத் தட்டும் சேற்றுச் சித்தரும்

அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கும்போதே மயிலம் பக்கம் போகிற டவுன் பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது. ஏறினவர்கள் எல்லார் மடியிலும் ஒரு செம்பு. செம்பு நிறையச் சேற்றுத் தண்ணீர். டிரைவர் பிரேக்கை மிதித்தால் பின்சீட்டுக்காரரின் தாத்தா முன்சீட்டுக்காரரின் முதுகில் கொட்டிவிடுவார்.

"யோவ், தாத்தாவ நேராப் புடிய்யா! சட்டையெல்லாம் தாத்தா!" என்று கண்டக்டர் கத்துவார்.

தாத்தாக்களும் பாட்டிகளும் தளும்பித் தளும்பிச் செங்கழனிப்பட்டில் இறங்குவார்கள். ஏரிக்கரை ஓரமாக ஒரு தகரக் கொட்டகை. வாசலில் பேனர்: 'உங்கள் மூதாதையரை நேரில் காணுங்கள். பெரிய திரையில். கலரில்.'

செத்தவர்களைக் கலரில் காட்டுகிற அந்த மகானுக்குச் சேற்றுச் சித்தர் என்று பெயர். மார்பு வரை தாடி. சேற்று நிறத்தில் வேட்டி, துண்டு. வலக்கையில் ஒரு மோதிரம், இடக்கையில் ஒரு மோதிரம். ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு. துறவிக்கு மோதிரம் எதற்கு என்று கேட்கிறீர்களா? ஊர் அப்படிக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லையே, கண்ணுங்களா.

சித்தரின் தத்துவம் ரொம்ப எளிது. "நம்ம சாம்பல எங்க கரைக்கிறோம்? ஏரியில. கரைஞ்சவங்க எங்க போவாங்க? அடியில போய்ச் சேத்துல குந்திக்கினு இருப்பாங்க. நீ கூப்பிட்டா வர மாட்டாங்க. நான் கூப்பிட்டா வருவாங்க."

அவரவர் ஊர் ஏரியில் கைவிட்டு அடிச்சேற்றை அள்ளிச் செம்பில் கொண்டுவர வேண்டும். கொட்டகையின் உள்சுவர் ஓரமாக ஒரு நீளப் பலகை. அதில் சாய்ந்தபடி மூன்று நாள் செம்பு மௌனமாக உட்கார வேண்டும். அமாவாசையன்று சித்தர் பலகைப் பக்கமாகத் தண்ணீரை உறிஞ்சி, ஒரே ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் விட்டு, உருப்பெருக்கிக் கருவியில் வைப்பார். அதன் மேல் ஒரு கேமரா. கேமராவிலிருந்து ஒரு ஒயர், சுவர் அளவு டிவிக்கு.

டிவியில் தெரியும் பாருங்கள், பேனா முனையால் குத்தினது போல ஆயிரம் புள்ளி! எல்லாம் உயிரோடு ஓடும்! சித்தர் வலக்கையை நீட்டுவார். அத்தனை புள்ளியும் அந்தக் கைப் பக்கமாகத் திரண்டு சொட்டின் ஓரத்தில் வந்து மொய்க்கும். "மனங்குளிர்ந்துட்டாங்க!" என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். வேண்டாதவர் வந்தால் இடக்கை. புள்ளிகள் அப்படியே வளைந்து திரும்பி எதிர்ப்பக்கம் ஓடும். "கோவம்! பயங்கர கோவம்!" என்பார். கோபத்துக்குப் பரிகாரம் உண்டு. பரிகாரத்துக்குத் தட்டு உண்டு. தட்டு முறம் அகலம்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. இரும்பைக் கண்டால் ஆவிகளுக்கு ஆகாது என்று ஊரே சொல்லுகிறதல்லவா? அதனால் இரும்போடு யாரும் உள்ளே வரக்கூடாது. சாவி, பேனாக்கத்தி, எல்லாம் வாசலில். நம் பெண்கள் தாலிச்சரட்டில் நாலு, வளையலில் ஆறு என்று ஊக்கு கோத்து வைத்திருப்பார்களே, அதுவும் வாசலில். அதற்கென்று ஒரு பித்தளைத் தட்டு. அமாவாசையன்று பார்த்தால் அந்தத் தட்டில் ஊக்கு மலையாகக் குவிந்திருக்கும். தாலி கட்டினவன் சொன்னால்கூடக் கழற்றாத ஊக்கை, தாடி வைத்தவன் சொன்னதும் கழற்றிவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் வீரம்மாளும் ஒருத்தி. உள்ளூர்க்காரி. ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை, இரண்டு ஆடு, ஒரு மகன், ஒரு மருமகள். புருஷன் தேவநாதன் காலமாகி மூன்று வருஷம். அவரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. வேறு எந்தப் பேராசையும் இல்லை. ஏமாற்றுகிறவனுக்கு இப்படிப்பட்ட மனசுதான் வேண்டும். பேராசைக்காரனாவது நாலு கேள்வி கேட்பான்.

போன அமாவாசைக்கு மகன் செல்வகுமாரையும் மருமகள் வெண்ணிலாவையும் கூட்டிக்கொண்டு போனாள். செல்வகுமார் விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். வெண்ணிலா கெடார் ஊர்க்காரி, அம்மா வீடு அங்கேதான். வந்து ஒரு வருஷம். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். தேவநாதன் போனபின் சத்தமில்லாமல் கிடந்த அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டதே அவளால்தான். வீரம்மாளுக்கு அவள் என்றால் உயிர், சொன்னதில்லை, அவ்வளவுதான்.

டிவியில் புள்ளிகள் ஓடின. வீரம்மாள் கண்ணில் தண்ணீர். "அதோ, அந்த ஓரமா மெதுவா வராரு பாரு, அவருதான். அவரு நடையே அப்படித்தான்" என்றாள்.

வெண்ணிலா எட்டிப் பார்த்தாள். "அத்த, போட்டோல மாமா ஆறடி இருக்காரு. ஏரியில ஊறுனா பெருக்கத்தானே செய்யணும்? இப்டிச் சுருங்கிட்டாரே?" என்று கேட்டுவிட்டுக் 'களுக்'கென்று சிரித்தாள். பின்னால் நின்ற நாலு பேரும் சிரித்துவிட்டார்கள்.

சித்தர் சிரிக்கவில்லை. இடக்கை நீண்டது. தேவநாதன் அலறியடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினார்.

"பார்த்தியா! இவ இருக்கிற வீட்ல உன் புருஷன் நிக்க மாட்டேன்றான். அடுத்த அமாவாசைக்குள்ள இவள அம்மா வீட்டுக்கு அனுப்பிடு. இல்லைன்னா ஆட்டோ ஓட்டுற புள்ளைக்கு ஆபத்து."

வீரம்மாள் மகனின் முழங்கையைப் பார்த்தாள். போன மாதம்தான் ஆட்டோ சாய்ந்து மகன் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தான். "வெண்ணிலா, கால்ல விழும்மா" என்றாள். வெண்ணிலா குனிந்தாள். சித்தர் இடக்கையால் திருநீறு கொடுக்க வந்தார். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. வெண்ணிலா ஒரு ஊக்கைக் கழற்ற மறந்திருந்தாள். தொங்கிய தாலியிலிருந்து அந்த ஊக்கு தானாக எழும்பி, 'டக்'கென்று சித்தர் விரலில் போய் ஒட்டிக்கொண்டது. சித்தர் நெருப்பைத் தொட்டவர் போலக் கையை உதறி இழுத்துக்கொண்டார்.

வீரம்மாள் பார்த்தாள். இரும்பே எழுந்து நின்று வணங்குகிற மகான் என்று முடிவு செய்தாள். மற்றதை நம்பினதோடு இதையும் சேர்த்து நம்பினாள்.

"அம்மா, அவ எங்கயும் போவல" என்றான் செல்வகுமார்.

"உனக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் எங்கடா போவேன்?" என்றாள் வீரம்மாள். ஒரு மாதமாக அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

ஆவியிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்க மறுகேள்வி ஒன்று உண்டு என்று சித்தர் சொல்லியிருந்தார். அதற்குப் புதுச்சேறு வேண்டும். அடுத்த அமாவாசைக்கு நாலு நாள் முன்பு, காலையில், வீரம்மாள் செம்போடு ஏரிக்குப் போனாள். அங்கே ஒரே கூச்சல்.

முழங்கால் சேற்றில் ஒரு பெண் நின்றிருந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். பேன்ட்டை மடித்துவிட்டு, தோளில் பை. பை நிறையக் கண்ணாடி பாட்டில். கரையில் ஏரிக்காவல் கமிட்டித் தலைவர் திருமுருகன். சித்தர் வந்தபின் முளைத்த கமிட்டி அது. பத்து வருஷமாக ஏரியில் மண் அள்ளினபோது முளைக்காத கமிட்டி.

"எங்க மூதாதைங்கள பாட்டில்ல அடைச்சி எங்கம்மா கொண்டு போற?"

"திண்டிவனத்துக்குங்க."

"எப்டி?"

"பஸ்லதாங்க."

"எட்டு பாட்டிலு! எங்க பெரியப்பா, சித்தப்பா, மொத்த வம்சத்தையும் அள்ளிட்டாளேப்பா! எங்க பாட்டி உயிரோட இருந்தப்பவே பஸ் ஏற மாட்டா, வாந்தி எடுப்பா!"

"அண்ணே, நான் ஆராய்ச்சி மாணவிங்க. பேரு ஜெசிந்தா. விழுப்புரத்துலேர்ந்து திண்டிவனம் வரைக்கும் ஏரி, குளம், குட்டை எல்லாத்துலயும் சேறு எடுக்கிறேன். சேத்துல ஒருவிதப் பாக்டீரியா இருக்கு. அதுக்குக் காந்தம் தெரியும், திசை தெரியும். எத்தினி வகை இருக்குன்னு பார்த்து எழுதுறேன்."

"பார்த்தீங்களாடா, வகை வகையாப் பிரிக்கிறாளாம்! பங்காளிங்களயே பிரிச்சிடுவா போலக்கீது!"

பையைப் பிடுங்கப் போனார்கள். அந்தப் பெண்ணின் உதடு குளிரில் நடுங்குவதை வீரம்மாள் பார்த்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இந்தாப்பா திருமுருகா, பேஜாரு பண்ணாத. பொண்ணும் பாட்டிலும் எங்க வீட்ல இருக்கட்டும். அமாவாசைக்கு நானே கொண்டாந்து சாமி முன்னால நிறுத்துறேன். அவரே சொல்லட்டும்."

வீட்டுக்குக் கூட்டி வந்து கேப்பைக் கூழ் கரைத்துக் கொடுத்தாள். உள்ளே வெண்ணிலா பையில் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கூழைக் குடித்தாள்.

வீரம்மாள்தான் கேட்டாள். பாட்டிலைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மெதுவாகக் கேட்டாள்: "ஏம்மா, இதுல எங்க வீட்டுக்காரரு இருக்காராம்மா?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். வரவில்லை. "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இல்லம்மா" என்றாள்.

"அப்டிச் சொல்லாத. அந்தச் சாமி பெரிய ஆளு. நான் கண்ணால பார்த்தேன். எங்க மருமவ குனிஞ்சா, தாலியில இருந்த ஊக்கு தானா எழுந்து அவரு மோதிரத்துல போய் ஒட்டிக்கிச்சி! இரும்பே கும்புடுதுன்னா பாத்துக்கோயேன்!"

ஜெசிந்தா கூழ்க்கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவ சொல்லுங்கம்மா."

வீரம்மாள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரலே கொஞ்சம் இறங்கியது. வெண்ணிலா மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அம்மா, நான் சொல்றத நீங்க நம்ப வேணாம். அவரு சொன்னதயும் நம்ப வேணாம். ஒரு வேல பண்ணுங்க. இந்த எட்டாவது பாட்டில் இந்த ஏரிச் சேறு இல்ல. திண்டிவனத்துல நான் குடியிருக்கிற வீட்டுப் பின்னால ஒரு குட்ட இருக்கு. பன்னி பொரளும். பஸ் ஏறுறதுக்கு முன்னால அதுல எடுத்தது. இத உங்க செம்புல ஊத்திக் கொண்டு போங்க. உங்க வீட்டுக்காரரு இதுல இல்ல. அது உங்களுக்குத் தெரியும். அந்தச் சாமிக்கும் தெரியுதான்னு பாருங்க."

வீரம்மாள் எட்டாவது பாட்டிலை வாங்கிக்கொண்டாள். சித்தர் 'இது உன் புருஷன் இல்லை' என்று சொல்லிவிட்டால்? அப்போது அவர் மெய்யான மகான். மருமகள் போக வேண்டியதுதான். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் அன்றைக்கு ஓரமாக மெதுவாக நடந்து வந்தது யார்? இரண்டில் எது நடந்தாலும் அவளுக்கு ஒன்று போகிறது.

செம்பை எடுத்தாள். "ஏங்க, கோச்சிக்காதீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே பன்றிக்குட்டையை ஊற்றினாள்.

மூன்று நாள் செம்பு பலகையில் சாய்ந்து மௌனம் காத்தது. அமாவாசையும் வந்தது. வெண்ணிலா பையோடு வந்தாள், ஜெசிந்தா பாட்டில்களோடு வந்தாள். கேள்வி முடிந்ததும் அப்படியே கெடார் பஸ் பிடிப்பதாகப் பேச்சு. வெளியே செல்வகுமார் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வீரம்மாளின் முறை. சொட்டு கண்ணாடியில் விழுந்தது. டிவியில் புள்ளிகள் ஓடின. போன தடவையைவிடக் கொழுகொழுவென்று நிறைய. சித்தர் கண்ணை மூடினார். இடக்கையை நீட்டினார். புள்ளிகள் ஓடின.

"கோவம் தணியல! அந்தப் பொண்ணு இன்னும் போவலயா?"

"சாமி, நல்லாப் பாருங்க. எங்க வீட்டுக்காரருதானா?"

"சந்தேகமா? தேவநாதன்! கண்ணு முன்னால நிக்கிறான்! கூட அவன் அப்பனும் வந்திருக்கான்!"

வீரம்மாள் நிமிர்ந்தாள். பிறகு குரல் வந்தது. மல்லாட்டைக் கொல்லையில் காக்காய் விரட்டுகிற குரல்.

"இது பன்னி பொரள்ற குட்டத் தண்ணி, சாமி! திண்டிவனத்துக் குட்ட! எங்க வீட்டுக்காரரு அங்க எதுக்குப் போவாரு? அவரு உயிரோட இருந்தப்பவே திண்டிவனத்துக்கு ரெண்டு வாட்டிதான் போனாரு, அதுவும் பல்லுப் புடுங்க!"

கூட்டத்தில் யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார்.

சித்தர் லேசுப்பட்ட ஆளா? "பைத்தியக்காரி! ஆன்மாவுக்கு ஏரி என்ன, குட்டை என்ன? எங்கும் நிறைந்தவர்கள்!" என்றார். கூட்டம் பாருங்கள், அதற்கும் தலையாட்டியது! ஊர் ஊராகச் செம்பு தூக்கச் சொன்னவர் இப்போது எங்கும் நிறைந்தவர்கள் என்கிறார். ஆட்டுகிற தலைக்கு இரண்டும் ஒன்றுதான்.

"சரிங்க சாமி. என் தப்புதான். மன்னிச்சிடுங்க" என்றாள் வீரம்மாள். விடுவிடுவென்று வாசலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்தப் பித்தளைத் தட்டு. தட்டு நிறைய ஊக்கு.

"இரும்பு! இரும்பை உள்ளே கொண்டுவராதே!" சித்தர் எழுந்தே விட்டார்.

"ஆவிங்கதானே சாமி இரும்புக்குப் பயப்படணும்? நீங்க எதுக்கு?" என்று கேட்டபடியே காலில் விழுவதுபோல் குனிந்து, தட்டை அவர் கைகளின் மேல் அப்படியே கவிழ்த்தாள்.

பறந்தன பாருங்கள்! நூறு ஊக்கு, நூற்றைம்பது ஊக்கு, சின்ன ஊக்கு, பெரிய ஊக்கு, செங்கழனிப்பட்டுத் தாலி ஊக்கு, மயிலத்து வளையல் ஊக்கு, எல்லாம் இரண்டு மோதிரங்களிலும் போய்ச் சிலிர்த்துக்கொண்டு நின்றன. சித்தரின் இரண்டு கையும் இரண்டு முள்ளம்பன்றி. உதறினார். விழவில்லை. ஒரு கையால் இன்னொரு கையிலிருந்து பிடுங்கப் பார்த்தார். இரண்டு கையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கும்பிடு வாங்கியே பழகினவர், ஊருக்கு முன்னால் முதல்முறையாகக் கைகூப்பி நின்றார்.

முதலில் சிரித்தது வெண்ணிலா. ஒரு மாதத்துச் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்புறம் கொட்டகையே சிரித்தது.

இழுத்த இழுப்பில் ஒரு மோதிரம் கழன்று விழுந்தது. வெண்ணிலா அதை எடுத்து ஊக்குகளை வழித்துவிட்டுச் சொட்டுக்குப் பக்கத்தில் காட்டினாள். "மாமா, போங்க!" என்றாள். டிவியில் புள்ளிகள் போயின. மோதிரத்தைத் திருப்பினாள். "மாமா, வாங்க!" வந்தன.

"எனக்கும் குடும்மா, எங்க மாமியார ஒரு வாட்டி போகச் சொல்லிப் பாக்குறேன்" என்று ஒரு அம்மா கைநீட்டினாள். வரிசை கட்டிவிட்டார்கள். பாதிரி வேலை, பூசாரி வேலை எல்லாம் இரண்டு நிமிஷத்தில் எல்லாருக்கும் கைவந்துவிட்டது.

திருமுருகன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு டிவியைப் பார்த்தார். "ஏம்மா, எல்லாரும் இந்தப் பக்கம் வராங்க, ரெண்டு மூணு மட்டும் எதிர்ப்பக்கம் போவுதே, அது யாரு?"

"அது வேற வகைங்க" என்றாள் ஜெசிந்தா. "நம்ம பக்கத்து ஏரிங்கள்ல வடக்கு பாத்துப் போறதும் இருக்கு, தெக்கு பாத்துப் போறதும் இருக்கு."

"அப்போ எங்க சித்தப்பாதான்" என்றார் திருமுருகன், பழக்கதோஷத்தில்.

ஜெசிந்தா சுருக்கமாகத்தான் சொன்னாள். அந்தப் புள்ளி ஒவ்வொன்றுக்குள்ளும் மணிமாலை கோத்ததுபோல இரும்புத் துணுக்குகள் வரிசையாக இருக்கின்றன. அந்த மாலைதான் திசைகாட்டி. காற்று அதிகம் ஆகாத பிறவிகள். மேலே கீழே என்று அலையாமல், தனக்குத் தோதான சேற்றடுக்கைத் தேடிப் போக அது உதவுகிறது. உருண்டையாக ஒன்று, வளைந்து ஒன்று, திருகிக்கொண்டு ஒன்று என்று எத்தனையோ வகை. இந்த ஏரியில் மட்டும் இதுவரை நாலு வகை பார்த்திருக்கிறாளாம். பாவம், அவை யார் மேலும் கோபப்படுவதில்லை. அவற்றுக்கு மருமகள் கிடையாது.

நாலு பேர் சேர்ந்து பலகையைப் பெயர்த்தார்கள். பின்னால் வரிசையாகக் கறுப்பு வட்டங்கள். பழைய ஒலிபெருக்கிகளில் இருக்குமே, அந்தக் காந்தம். மூன்று நாளும் செம்புக்குள் இருந்த புள்ளிகளை இந்தப் பக்கமாக இழுத்துச் சேர்த்தது இதுதான். "அடேய், இது மைக்செட்டு காந்தம்டா!" என்றார் ஒருவர். தாடிக்குப் பின்னால் இருந்த முகத்துக்குப் பெயர் ஆனந்தராஜ். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மைக்செட் கட்டினவர். எங்கோ ஒரு கல்லூரியில் அறிவியல் கண்காட்சிக்கு மைக் கட்டப் போன இடத்தில், ஒரு மாணவி இதே சொட்டை வைத்துக்கொண்டு விளக்குவதைப் பார்த்திருக்கிறார். ஒன்றையே இரண்டு பேர் கற்றார்கள். அவள் மதிப்பெண் வாங்கினாள். இவர் தாடி வளர்த்தார்.

கூட்டம் சிரித்து முடித்துக் கோபப்படத் தொடங்கும் நேரமாகப் பார்த்து ஆனந்தராஜ் பின்பக்கத் தகரத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஓடிவந்து ஏறினது ஒரு ஷேர் ஆட்டோ. "ஜல்தி போப்பா, ஜல்தி!" செல்வகுமார் திரும்பிப் பார்த்தான். ஏறினவர் கையெல்லாம் ஊக்கு.

"இன்னா சாமி, இந்த ஆட்டோக்கு ஆபத்து வரும்னு சொன்னீங்களே?" என்றான். "ஏறிட்டீங்க?" சாவியை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "யாருப்பா அங்க, நம்ம சாமி இங்க கீறாரு!" என்று குரல் கொடுத்தான். மற்றதைப் போலீஸ் ஸ்டேஷனில் பேசிக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்ததா? முடியவில்லை. ஒரு பெரியவர் ஓடிவந்து ஜெசிந்தாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "தாயே, நீதான் மெய்யான சித்தர்! எங்க வீட்டு மாடு ஒண்ணு காணோம்..."

ஜெசிந்தா பாட்டில்களைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அடுத்த அமாவாசைக்கு மூன்று நாள் முன்பும் அந்த பஸ் வந்தது. செம்புகளோடு சிலர் இறங்கத்தான் செய்தார்கள். சேதி போய்ச் சேராத ஊர்கள். சேதி போயும் மனசு கேட்காத ஊர்கள். பஸ் நிற்கிற இடத்தில் வீரம்மாள் அவித்த மல்லாட்டைக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வெண்ணிலா. கெடாருக்குப் போகப் புடவை மடித்து வைத்த அந்தப் பையில்தான் மல்லாட்டை கொண்டு வந்திருந்தாள்.

"ஏம்மா, சித்தர் இல்லியா?"

"இல்லைங்க."

"வேற யாராச்சும் அந்த மாதிரி இருக்காங்களா?"

வெண்ணிலா வாயைப் பொத்திக்கொண்டாள். வீரம்மாள் கேட்டவளின் முகத்தைப் பார்த்தாள். அவளும் யாரையோ இழந்தவள். கேலி பண்ணத் தோன்றவில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னாள். கை நிறைய மல்லாட்டை அள்ளிக் கொடுத்தாள்.

"இருப்பாங்கம்மா. இல்லைன்னாலும் வருவாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. கண்ணுக்கே தெரியாத சேத்துப்பூச்சிக்குக்கூட எந்தப் பக்கம் போவணும்னு காட்ட உடம்புக்குள்ள ஒண்ணு வச்சிருக்கு. நமக்குத் தலைக்குள்ள வச்சிருக்கு. அவன் ஊக்கக் கழட்டி வாசல்ல வைன்னு சொன்னா, வை. அத மட்டும் கழட்டி வச்சிட்டு உள்ள போவாத."